வட்டி வந்த வழியே கொடையும்: காரைக்குடி நிதி நிறுவனம் ஒன்றின் மூன்றாண்டுத் திட்டம்

காரைக்குடியில் தலைமை அலுவலகம். சிவகங்கை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் மூன்று மாவட்டங்களிலும் கிளைகள். முக்கால்வாசி வியாபாரம் நகைக்கடன், மீதி இருசக்கர வாகனக் கடனும் சிறு கடைக்காரர்களுக்கான கடனும். அந்த வங்கிசாரா நிதி நிறுவனத்தில் நான் கணக்குப் பிரிவில் இருந்தேன். சிஎஸ்ஆர் (நிறுவனங்களின் சமூகப் பொறுப்புச் செலவு) கோப்பைப் பார்த்துவந்தவர் ஓய்வு பெற்றபோது அது என் மேசைக்கு வந்தது. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை, தொகைகளை முழு எண்களாக ஆக்கியிருக்கிறேன். மற்றபடி நடந்தது நடந்தபடி.

முதலில் சட்டம் என்ன கேட்கிறது என்று பார்த்துவிடலாம். நிறுவனங்கள் சட்டம் 2013, பிரிவு 135. முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட நிறுவனம், நடப்பு ஆண்டுக்கு உடனடியாக முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தையாவது சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. எங்கள் சராசரி லாபம் 20 கோடி, ஆக ஆண்டுக்கு 40 லட்சம். தொகை 50 லட்சத்தைத் தாண்டாவிட்டால் தனிக் குழு தேவையில்லை, இயக்குநர் குழுவே அந்த வேலையைச் செய்யலாம். அந்த வசதி இருந்ததுதான் எங்களுக்குக் கெடுதலாகப் போனது. யாருக்கும் அது தனி வேலையாக இல்லை.

தனி வேலையாக இல்லாதபோது என்ன ஆகும்? கடிதம் வரும். பள்ளி ஆண்டு விழா, ஊர் கபடிப் போட்டி, கோயில் குடமுழுக்கு, காவல் நிலையத்துக்குத் தடுப்புப் பலகை, யாரோ ஒரு பெரிய மனிதரின் சிபாரிசோடு வரும் கண் சிகிச்சை முகாம். கடிதம் கொண்டுவந்தவர் யார் என்பதை வைத்துத்தான் தொகை முடிவாகும். பிப்ரவரி வரை இப்படிப் போகும், மார்ச் பிறந்ததும் மிச்சம் எவ்வளவு என்று தேடுவார்கள். நான் கோப்பை வாங்கிய ஆண்டு மார்ச் கடைசி வாரத்தில் 14 லட்சம் மிச்சம் இருந்தது. நான்கே நாளில் அரசுப் பள்ளிகளுக்குப் பெரிய டிவிகள் வாங்கி அனுப்பிவிட்டோம். ரசீது 31ஆம் தேதிக்குள் வந்தது, கணக்கு நேரானது.

ஜூலையில் ஒரு பள்ளிக்குப் போய்ப் பார்த்தேன். டிவி பெட்டியோடு தலைமையாசிரியர் அறையில் நின்றது. அவர் குறை சொல்லவில்லை. “நல்ல டிவி சார். வகுப்புல பிளக் பாயிண்ட்தான் இல்லை. வயரிங் பண்ணச் சொல்லி எழுதிப் போட்டிருக்கேன்” என்றார். திரும்பி வரும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு கடன் கொடுப்பதற்கு முன்னால் ஆளைப் பார்ப்போம், நகையை உரசிப் பார்ப்போம், எடை போடுவோம், எப்போது திருப்ப முடியும் என்று கேட்போம். 14 லட்சத்தைக் கொடுக்கும்போது அந்தப் பள்ளியில் ஒரு சுவரைக்கூடப் பார்க்கவில்லை.

அதே ஆண்டு தணிக்கையாளர் எங்கள் பட்டியலில் சிவப்பு மையால் கோடு போட்டுத் தள்ளியதையும் சொல்ல வேண்டும். குடமுழுக்கு நன்கொடை போனது. சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் பசி, சுகாதாரம், குடிநீர், கல்வி, தொழில் பயிற்சி, சுற்றுச்சூழல், பாரம்பரியக் கட்டடங்கள், பொது நூலகம், கைவினை என்று நிறைய இருக்கிறது, கோயில் விழா இல்லை. கபடிக் கோப்பையில் நிறுவனத்தின் பெயர் பெரிதாக இருந்ததால் அது விளம்பரச் செலவாகப் போனது. புதிய கிளைத் திறப்பை ஒட்டி நடத்திய ‘நிதி விழிப்புணர்வு முகாம்’ போனது. அங்கே எங்கள் நகைக்கடன் துண்டறிக்கையைக் கொடுத்திருந்தோம், வியாபாரத்தின் பகுதியாக நடப்பது எதுவும் இந்தக் கணக்கில் வராது. ஊழியர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்த பரிசுத் தொகையும் போனது.

இதற்குப் பிறகுதான் இயக்குநர் குழு, சட்டம் கேட்காவிட்டாலும் பரவாயில்லை என்று, மூன்று பேர் கொண்ட ஒரு சிறு குழுவை வைத்தது. நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பெரியவர். எல்லோரும் ஆச்சி என்று அழைக்கும் பெண் இயக்குநர். கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்ற ஒரு பேராசிரியர். குறிப்பு எழுதும் வேலை எனக்கு.

மகமை என்ற பழைய வரி

முதல் கூட்டத்திலேயே பெரியவர் ஒரு பழைய சொல்லை எடுத்தார். “இரண்டு பர்சன்ட்னு டெல்லியில புதுசாக் கண்டுபிடிச்ச மாதிரி பேசறாங்க. நம்ம பேரேட்டுல மகமைன்னு ஒரு பத்து எப்பவும் இருந்ததே.”

மகமை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் கடைகளில், கொடுக்கல் வாங்கலில் இத்தனைக்கு இத்தனை என்று ஒரு சிறு பங்கைத் தர்மத்துக்காகப் பிரித்துத் தனிப் பத்தில், அதாவது தனிக் கணக்குத் தலைப்பில், வரவு வைப்பார்கள். ரங்கூனில் கடை இருந்தாலும் கொழும்பில் கிட்டங்கி இருந்தாலும் அந்தப் பத்து உண்டு. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து அடுத்தாள், மேலாள் என்று உயர்ந்தவர்கள் எல்லோரும் அந்த வரியை எழுதிப் பழகியவர்கள். ஊரிலே இது போதாதென்று புள்ளிக்கு இவ்வளவு என்று புள்ளி வரி, அதாவது திருமணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வரி. வசதிக்கு ஏற்றபடி ஆஸ்திக்கும் ஒரு வரி. ஒன்பது நகரக் கோயில்களின் திருப்பணி, பாடசாலை, சத்திரம், ஊருணி எல்லாம் இப்படிச் சேர்ந்த பணத்தில் நின்றவை.

எனக்கு இதில் பிடித்தது பெருமை அல்ல, கணக்கு எழுதும் முறை. மகமை லாபம் பார்த்து மிஞ்சியதில் கொடுப்பது இல்லை. வரவு வரும்போதே பிரிந்துவிடும். ஆகவே மார்ச் கடைசி வாரம் என்ற பிரச்சினையே அந்தப் பேரேட்டில் இருக்க முடியாது.

பேராசிரியர் வேறு ஒன்றைச் சொன்னார், கூட்டம் சற்று நேரம் அமைதியாகிவிட்டது. “மகமை எங்கிருந்து வந்தது, எங்கே செலவாச்சுன்னும் பார்க்கணும் ஐயா.” 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தபோது, கீழ் பர்மாவில் கடன் வாங்கியிருந்த விவசாயிகளின் நிலம் கடனுக்கு ஈடாகக் கைமாறியது. 1930இல் முக்கிய நெல் மாவட்டங்களின் சாகுபடி நிலத்தில் 6 சதவீதம் செட்டியார் கடைகளிடம் இருந்தது, 1938க்குள் அது 25 சதவீதம் ஆனது. கடைக்காரர்கள் நிலத்தை விரும்பி வாங்கவில்லை, அவர்களுக்கு வேண்டியது பணம். ஆனாலும் நிலத்தை இழந்தவனுக்கு அந்த வேறுபாடு ஆறுதல் தராது. அந்த வட்டியில் ஒரு பகுதி கப்பலேறி வந்து செட்டிநாட்டில் படித்துறையாகவும் பள்ளிக்கூடமாகவும் ஆனது. வட்டி ஓர் ஊரில், தர்மம் வேறோர் ஊரில்.

பெரியவருக்கு இது வலித்தது. அவர் அழகப்பச் செட்டியாரைச் சொன்னார், சரியாகவே சொன்னார். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தவர் அவர். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரியில் ஆய்வகம் திறந்தது. 1947இல் கல்லூரி, அதிலிருந்து வளர்ந்து 1985இல் பல்கலைக்கழகம். வானம் பார்த்த பூமியில் விவசாயத்தை நம்ப முடியாத ஊருக்குப் படிப்பைக் கொண்டுவந்து போட்டார். எங்கள் கிளைகளில் வேலை பார்க்கும் பாதிப் பேர் அந்த வளாகத்தில் படித்தவர்கள்தான். நானும்தான்.

இரண்டு பேரும் சொன்னது உண்மை. அந்த இரண்டு உண்மைகளையும் வைத்துக்கொண்டு அன்று ஒரு கேள்வியை எழுதினோம்: எங்கள் வட்டி எந்த ஊரிலிருந்து வருகிறது, எங்கள் கொடை எந்த ஊருக்குப் போகிறது?

பேரேட்டைப் பிரித்துப் பார்த்தபோது

கிளைவாரியாக வட்டி வரவை ஒரு பக்கமும், ஐந்து ஆண்டுக் கொடையை இன்னொரு பக்கமும் எழுதினேன். ஒரு மாலை வேலைதான். வட்டியில் பாதிக்கு மேல் மானாமதுரை, இளையான்குடி, திருவாடானை போன்ற வெளிக் கிளைகளிலிருந்து வந்திருந்தது. கொடையில் பத்தில் ஒரு பங்குகூட அங்கே போகவில்லை. இயக்குநர்களின் சொந்த ஊர்கள், அவர்களுடைய நண்பர்களின் பள்ளிகள், காரைக்குடி நகரம், இவ்வளவுதான். நிறுவனம் இயங்கும் பகுதிக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டமும் சொல்கிறது. நாங்கள் ‘இயங்கும் பகுதி’ என்பதைத் தலைமை அலுவலகத்தின் வாசல் என்று புரிந்துவைத்திருந்தோம்.

அடுத்து, மக்கள் எதற்காக அடகு வைக்கிறார்கள் என்று பார்க்க நினைத்தோம். விண்ணப்பத்தில் ‘கடன் நோக்கம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் எல்லாக் கிளையிலும் ஒரே பதில்: சொந்தச் செலவு. கூட்டம் நிற்கும்போது ஊழியர் வேறு என்ன எழுதுவார். அதனால் பதிவேட்டை மூடிவிட்டு, நகையை உரசிப் பார்க்கும் அப்ரைசர்களோடு உட்கார்ந்தோம். ஒவ்வொரு கிளையிலும் ஒருவர், பெரும்பாலும் பத்து, பதினைந்து ஆண்டு அனுபவம் உள்ளவர்கள்.

திருவாடானைப் பக்கத்து அப்ரைசர் சொன்னதை அப்படியே எழுதிவைத்திருக்கிறேன். “விதைப்புக்கு வரும்போது செயின் வரும் சார். ஆஸ்பத்திரிக்குன்னா வளையல், மோதிரம், கையில கிடைச்சதெல்லாம் வரும். ஜூன், ஜூலையில தோடு வரும். தோடு வந்துச்சுன்னா வீட்ல வேற எதுவும் மிச்சமில்லைன்னு அர்த்தம். காதுல ஈர்க்குச்சியைச் செருகிக்கிட்டுப் போவாங்க.”

தோட்டுக்கு என்ன கடன் கிடைக்கும்? ஐயாயிரம், எட்டாயிரம். எதற்கு என்று கேட்டதில், மகளையோ மகனையோ கல்லூரியில் சேர்ப்பதற்கு. அரசுக் கல்லூரியில் கட்டணம் அதிகமில்லை. ஆனால் விண்ணப்பம், சான்றிதழ் நகல்கள், சேரும் நாளில் இரண்டு பேர் போய்வரும் பஸ் செலவு, விடுதிக்கு முன்பணம், ஒரு பெட்டி, இரண்டு செட் துணி. எல்லாம் ஒரே வாரத்தில் வந்து விழுகிறது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது, மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024இல். இரண்டும் நல்ல திட்டங்கள். ஆனால் கல்லூரியில் சேர்ந்து, பெயர் பதிவாகி, சரிபார்த்த பிறகுதான் பணம் வரும். சேர்வதற்கு முந்தைய வாரத்துக்கு யாரும் இல்லை. அந்த வாரத்துக்குத்தான் தோடு கழல்கிறது.

எங்கள் திட்டத்தின் முதல் பாதி இங்கே கிடைத்தது. ஒரு பெரிய நிறுவனம் ஆலோசகர்களை வைத்துக் கணக்கெடுப்பு நடத்தித் தேவையைக் கண்டறியும். ஒரு நகைக்கடன் கடைக்கு அந்தத் தேவை தினமும் கவுண்டருக்கு நடந்து வருகிறது. யாருடைய பெயரும் வெளியே போகாமல், எந்த ஊரில், எந்த மாதத்தில், எவ்வளவு தொகைக்கு என்று மட்டும் எடுத்துப் பார்த்தால் போதும்.

ஆச்சி கேட்ட கேள்வி

திட்டத்தை எழுதும் முன் ஒரு நாள் ஆச்சி என்னை அழைத்தார். “தம்பி, ஏலத்துல மிஞ்சின காசெல்லாம் திருப்பிக் கொடுத்தாச்சா?”

நகையை மீட்காவிட்டால் முறைப்படி அறிவிப்பு கொடுத்து ஏலம் விடுவார்கள். அசலும் வட்டியும் செலவும் போக மிச்சம் இருந்தால் அது கடன் வாங்கியவரின் பணம். நாங்கள் கடிதம் அனுப்பியிருந்தோம். முகவரி மாறியவர்கள், இறந்துபோனவர்கள், வெட்கப்பட்டுக் கிளைப் பக்கமே வராதவர்கள் என்று ஒரு தொகை தனிக் கணக்கில் நின்றுகொண்டிருந்தது. மறைத்த பணம் இல்லை. யாரும் தேடிப் போய்க் கொடுக்காத பணம்.

“அவங்க காசை வச்சுக்கிட்டு நாம தர்மத்தைப் பத்திப் பேசக் கூடாது. முதல்ல அதைக் கொடுத்துட்டு வாங்க” என்றார் ஆச்சி.

அந்த வேலை சிஎஸ்ஆர் கணக்கில் ஒரு பைசாகூட வராது, வரவும் கூடாது. இரண்டு மாதம் கிளை ஊழியர்கள் சாயங்காலங்களில் வீடு வீடாகப் போனார்கள். சில இடங்களில் முந்நூறு ரூபாய், சில இடங்களில் பத்தாயிரத்துக்கு மேல். முழுவதும் முடியவில்லை, இன்னும் ஒரு பட்டியல் பாக்கி இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு ஏல அறிவிப்போடு வாடிக்கையாளருக்குப் போனில் பேசுவதும், மிச்சத் தொகையை அவரது வங்கிக் கணக்கிலேயே போடுவதும் கிளை நடைமுறையாக ஆனது. இந்த மூன்றாண்டில் நடந்தவற்றில் எனக்கு மனநிறைவு தந்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். கடன் கொடுப்பவனின் நேர்மை முதலில் கடனில் தெரிய வேண்டும்.

திட்டத்தின் அமைப்பு

எழுதி முடித்தபோது திட்டம் இரண்டு பக்கம்தான் வந்தது. 40 லட்சத்தில் பாதிக்கு மேல், கிளைகளின் வட்டி வரவு விகிதப்படி பிரியும். மீதி செட்டிநாட்டுப் பகுதியில் நீர்நிலைக்கு. கோயில் கேட்டால் கொடுக்கலாம், ஆனால் நிறுவனத்தின் வேறு பணத்திலிருந்து, அல்லது இயக்குநர்களின் சொந்தப் பணத்திலிருந்து. பெரியவர் இதை மனமில்லாமல் ஏற்றுக்கொண்டார். “கொடுக்க வேண்டாம்னு சொல்லலையே” என்று அவரே தன்னைத் தேற்றிக்கொண்டார். கடிதத்தோடு வருபவர்களுக்கு ஒரே பதில்: ஜனவரியில் அடுத்த ஆண்டுத் திட்டம் எழுதும்போது பார்ப்போம். அந்த ஒரு வரியைச் சொல்ல எங்களுக்கு ஓர் ஆண்டு பழக வேண்டியிருந்தது. இல்லை என்று சொல்லிப் பழகாத ஊர் இது.

பணத்தை வேறு அமைப்பு மூலம் செலவிட்டால், அந்த அமைப்பு அரசிடம் சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 2021 ஏப்ரல் முதல் இது கட்டாயம். எங்கள் நிர்வாகச் செலவு மொத்தத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதாவது 2 லட்சம். இவை சுலபமான விஷயங்கள்.

‘முதல் மாதப் பணம்’ என்று பெயர் வைத்த உதவிக்குப் பதிவு பெற்ற ஓர் அறக்கட்டளையைப் பிடித்தோம். பள்ளித் தலைமையாசிரியரின் கடிதம், கல்லூரியின் சேர்க்கை உத்தரவு, இரண்டும் இருந்தால் மூன்று நாளில் 8,000 ரூபாய் வரை மாணவரின் கணக்கில் விழும். எங்கள் கிளையில் கணக்கு இருக்கிறதா என்று கேட்கக் கூடாது. கிளை ஊழியர் யாரும் இதில் கைவைக்கக் கூடாது. கடனையும் கொடையையும் ஒரே கவுண்டரில் வைத்தால், வாங்குபவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

மேடையும் போட்டோவும் கிடையாது என்று எழுதியிருந்தேன். பெரியவர் அதில் நின்றார். “அப்புறம் நாம கொடுத்தோம்னு யாருக்குத் தெரியும்?” அங்கீகரித்த திட்டங்களை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டாக வேண்டும் என்று விதியே இருக்கிறது என்றேன். ஆச்சி விதியை எல்லாம் பார்க்கவில்லை. “பதினேழு வயசுப் பிள்ளை. ஊர் முன்னால நிறுத்தி வச்சு ஏழைன்னு காட்டணுமா?” என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஊருணியின் ஆண்டு, கணக்கின் ஆண்டு

இனி ஊருணி. இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதப் போகிறேன், ஏனென்றால் நாங்கள் அதிகம் கற்றுக்கொண்டது இங்கேதான்.

செட்டிநாட்டில் ஆறு இல்லை என்றே சொல்லலாம். ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்துவைத்துத்தான் ஊர் வாழ்ந்தது. வீட்டு முற்றத்தில் விழும் நீர்கூட வீணாகாதபடி கட்டினார்கள். ஊருக்கு ஒரு குடிநீர் ஊருணி, குளிக்க ஒன்று, மாட்டுக்கு ஒன்று. செம்புறாங்கல் படித்துறை, சுற்றிலும் கரை, மழைநீர் வந்து சேர வரத்துக்கால், நிறைந்தால் வெளியேறக் கலுங்கு.

கல்லல் பக்கம் ஒரு கிராமத்தின் ஊருணியைத் தேர்ந்தோம். ஒப்பந்தக்காரர் கொடுத்த மதிப்பீட்டில் முதல் வரி ‘ஆழப்படுத்துதல்’. அப்புறம் சுற்றிலும் நடைபாதை, பேவர் பிளாக், விளக்குக் கம்பங்கள், நிறுவனத்தின் பெயரோடு ஒரு வளைவு. படம் அழகாக இருந்தது.

அந்த ஊரில் முன்பு ஊருணிக் காவல் பார்த்த ஒரு முதியவர் இருந்தார். பஞ்சாயத்துத் தலைவர் அம்மாதான் அவரிடம் கூட்டிப்போனார். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. எங்களை ஊருணியிலிருந்து மேற்கே நடக்கவைத்தார். அரை கிலோமீட்டருக்கும் மேல். வழியெல்லாம் சீமைக் கருவேலம். ஓரிடத்தில் சிமெண்ட் சாலை போட்டபோது வரத்துக்காலுக்குக் குழாய் வைக்காமல் மூடியிருந்தார்கள். இன்னோரிடத்தில் வேலி உள்ளே வந்திருந்தது.

“வாய் அடைச்சுக் கிடக்கு. வயித்தைத் தோண்டி என்ன பண்ணப் போறீங்க?” என்றார். இன்னொன்றும் சொன்னார்: அடியில் களிமண் படிந்து இறுகியிருக்கிறது, அதுதான் தண்ணீரைப் பிடித்துவைப்பது. பொக்லைனை விட்டு அதைப் பிய்த்துவிட்டால், நிறைந்த தண்ணீர் இரண்டு மாதத்தில் கீழே இறங்கிவிடும்.

மதிப்பீட்டைத் திருப்பி எழுதினோம். ஆழப்படுத்துதல் போய், மேல் சேற்றை மட்டும் அள்ளுதல். நடைபாதை, விளக்கு, வளைவு போயின. பணத்தின் பெரும்பகுதி வரத்துக்காலுக்கும், சாலைக்கு அடியில் குழாய் பதிப்பதற்கும், சரிந்த படித்துறையைக் கட்டுவதற்கும் போனது. வேலி உள்ளே வந்ததைப் பணத்தால் தீர்க்க முடியாது. வருவாய்த் துறை சர்வேயர் வந்து அளக்க வேண்டும், ஊர் பேச வேண்டும். அதற்கு ஏழு மாதம் ஆனது. நிலத்துக்காரர் கடைசியில் தானாகவே வேலியை நகர்த்திக்கொண்டார், சர்வேயரைவிடத் தலைவர் அம்மா நான்கு முறை போய்ப் பேசியதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இங்கே கணக்குக்காரனுக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஊருணியில் வேலை செய்ய முடிவது தண்ணீர் வற்றிய மாதங்களில், அதாவது பங்குனி தொடங்கி ஆவணி வரை. நிதியாண்டோ மார்ச் 31இல் முடிகிறது. ஒரே நிதியாண்டுக்குள் அளந்து, அனுமதி வாங்கி, வேலையும் முடிக்க நினைத்தால் ஏதாவது ஒன்றில் பொய் சொல்ல வேண்டியிருக்கும். சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. இயக்குநர் குழு அதைத் ‘தொடர் திட்டம்’ என்று முன்கூட்டியே தீர்மானித்து எழுதிவிட்டால், தொடங்கிய ஆண்டு போக மேலும் மூன்று ஆண்டுகள் வரை நடத்தலாம். அந்த ஆண்டில் செலவாகாத தொகையை, ஆண்டு முடிந்து 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 30க்குள், செலவிடப்படாத சிஎஸ்ஆர் கணக்கு என்று தனி வங்கிக் கணக்கில் போட்டுவிட வேண்டும், மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவிட வேண்டும். தொடர் திட்டம் இல்லாத மிச்சமானால், ஆறு மாதத்துக்குள் பிரதமரின் தேசிய நிவாரண நிதி போன்ற அட்டவணை நிதி ஒன்றுக்கு அனுப்ப வேண்டும். எங்களைப் போன்ற சிறு நிறுவனங்கள் மார்ச்சில் பதறி டிவி வாங்குவதற்குப் பாதிக் காரணம் இந்த முதல் வழியைப் படிக்காததுதான். நானும் படிக்காமல்தான் இருந்தேன்.

அடுத்த சிக்கல் பராமரிப்பு. இங்கே பழைய முறை எங்களுக்குக் கைகொடுத்திருக்க வேண்டும். செட்டிநாட்டுத் தர்மம் என்றாலே ஒரு முதல் தொகையை வைத்து அதன் வட்டியில் நடத்துவதுதான். விளக்குக்கு இவ்வளவு முதல், தண்ணீர்ப் பந்தலுக்கு இவ்வளவு என்று. பெரியவர் உடனே சொன்னார்: ஐந்து லட்சத்தை ஊருணிப் பேரில் டெபாசிட் போடுங்கள், வட்டியில் ஆண்டுதோறும் தூர்வாரட்டும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 2021 ஜனவரி விதித் திருத்தத்துக்குப் பிறகு, ஓர் அமைப்பின் மூலநிதிக்குக் கொடுப்பது சிஎஸ்ஆர் செலவாகாது. பணத்தை வாங்கி அப்படியே இருப்பு வைத்துக்கொள்வதைத் தடுக்க வந்த விதி, அதற்கான நியாயம் புரிகிறது. ஆனாலும் ஊர் நீர்நிலை ஒன்றுக்கு இதில் விலக்கு வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு ஊருணிக்கு ஒருமுறை 15 லட்சம் தேவைப்படுவதைவிட, ஆண்டுக்கு ஐம்பதாயிரம் என்றைக்கும் தேவை.

விதி மாறாத வரை என்ன செய்வது? தொடர் திட்டத்தின் ஒவ்வோர் ஆண்டிலும் பராமரிப்புக்கு ஒரு தொகை வைத்தோம். அதை ஊராட்சியோடு எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தில் இப்படிச் சேர்த்தோம்: முதல் ஆண்டு முழுவதும் நிறுவனம், இரண்டாம் ஆண்டு முக்கால், மூன்றாம் ஆண்டு பாதி. மீதியை ஊர் போடும். கட்டிய சொத்து ஊராட்சியுடையது, எங்கள் புத்தகத்தில் அது வராது. ஊர் எப்படிப் போடும் என்பதை நாங்கள் சொல்லவில்லை. முதல் ஊர்க்கூட்டத்திலேயே ஒருவர் எழுந்து, கோயிலுக்கு வசூலிக்கிற மாதிரி வீட்டுக்கு இவ்வளவு என்று போட்டுவிடலாம் என்றார். புள்ளி வரி போடுவது மறந்துபோகவில்லை, செட்டியார் வீடுகள் பூட்டிக் கிடக்கும் ஊரிலும்.

எது நடக்கவில்லை

கொட்டான் (ஓலைக் கூடை) பின்னும் பயிற்சி வெற்றி பெறவில்லை. பனையோலைக் கொட்டான் செட்டிநாட்டின் பெயரோடு புவிசார் குறியீடு பெற்ற பொருள், கைவினை என்பதால் ஏழாம் அட்டவணையிலும் வருகிறது, குழு மூவரும் ஆசைப்பட்டோம். ஒரு கிராமத்தில் பெண்களுக்கு ஆறு மாதம் பயிற்சி. நன்றாகவே பின்னினார்கள். வாங்க ஆள் பிடிப்பதை யாரும் திட்டத்தில் எழுதவில்லை. இரண்டாம் ஆண்டில் பாதிப் பேர் நூறு நாள் வேலைக்கும் ஜவுளிக் கடைக்கும் போய்விட்டார்கள். தவறு எங்களுடையது. கடன் கேட்டு வரும் கடைக்காரரிடம் “சரக்கு எங்கே விற்பீர்கள்” என்று கேட்கிற நாங்கள், அதை எங்களிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

பழைய வீடு ஒன்றைப் புதுப்பிக்கும் யோசனையையும் விட்டோம். செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன, பர்மா தேக்கும் முட்டைச் சுண்ணாம்புப் பூச்சும் கண் முன்னே இடிபடுவதைப் பார்க்க மனம் கேட்காதுதான். ஆனால் அந்த வீடு ஒரு குடும்பத்தின் சொத்து, கதவு பொதுமக்களுக்குத் திறக்காது என்றார்கள். அப்படியானால் அது பொதுப்பணம் போகும் இடமில்லை.

இப்போது நிற்கும் இடம்

முதல் மாதப் பணம் மூன்றாவது ஜூனைக் கடந்திருக்கிறது. இளையான்குடியில் ஒரு தலைமையாசிரியர், தேர்வு முடிவு வந்த அன்றே பட்டியலை எழுதிவைத்துவிடுகிறார். தோடு வருவது குறைந்ததா என்று திருவாடானை அப்ரைசரிடம் கேட்டேன். “வருது சார். காலேஜுக்குன்னு வர்றது கொஞ்சம் கம்மி” என்றார். அதை எண்ணாக எழுதும் அளவுக்கு எங்களிடம் இன்னும் பதிவு இல்லை. இந்த ஆண்டு முதல் ‘கடன் நோக்கம்’ கட்டத்தில் ஆறு பதில்களை அச்சடித்து, ஒன்றில் டிக் போடும்படி மாற்றியிருக்கிறார்கள்.

ஊருணியில் வேலை முடிந்த ஆண்டு ஐப்பசியில் இரண்டு நல்ல மழை. சாலைக்கு அடியில் போட்ட குழாய் வழியாகச் செந்நிறத் தண்ணீர் வந்ததைத் தலைவர் அம்மா போனில் படம் எடுத்து அனுப்பினார். பழைய காவல்காரர் மீட்டரில் சொல்லவில்லை, படிக்கணக்கில் சொன்னார்: மேலிருந்து ஐந்தாம் படி வரை. மாசியில் போய்ப் பார்த்தபோது ஒன்பதாம் படியில் இருந்தது.

நிறுவனத்தின் பங்கு அடுத்த மார்ச்சோடு முடிகிறது. நான்காம் ஆண்டிலிருந்து பராமரிப்பு முழுவதும் ஊருடையது. வீட்டுக்கு எவ்வளவு, பூட்டிய வீடுகளுக்கு யாரிடம் கேட்பது, வரத்துக்காலைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு மாதம் என்ன கொடுப்பது என்று முடிவு செய்ய, ஆடி கழிந்ததும் ஊர்க்கூட்டம் போட்டிருக்கிறார்கள். பெரியவர் தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய பூர்வீக வீடும் அந்த ஊரில்தான் பூட்டிக் கிடக்கிறது.